பூங்காவா, பூங்கா நகரா?

சாந்திபுரத்திலிருந்து சென்னை செல்வோர் குப்பம் நிலையத்தில் தொடர்வண்டி ஏறுவர். வண்டி ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னை சென்ட்ரலை அடையும். 1873ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்நிலையத்தைச் சுற்றி வேறு நிலையங்களும் உள்ளன. ஆதலால் புதியவர் திகைப்பது இயல்பே.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம், கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் வண்டிகள் புறப்படும். நிலத்தடியில் மெட்ரோ நிலையம் உள்ளது. அங்கு நீலத்தடமும் பச்சைத்தடமும் சந்திக்கின்றன. சாலையின் எதிர்ப்புறம் பூங்கா நிலையமும், சற்றுத் தள்ளிப் பூங்கா நகர் நிலையமும் இருக்கின்றன.

மதுரையிலுள்ள பாட்டி வீட்டிற்குச் செல்லும் குடும்பம் ஒன்று சென்ட்ரலில் இறங்குகிறது எனக் கொள்வோம். மதுரை வண்டிகள் பல எழும்பூரிலிருந்தே புறப்படும். பூங்கா நிலையத்தில் தாம்பரம் செல்லும் வண்டியில் ஏறினால் அடுத்த நிலையம் எழும்பூர். பூங்கா நகரில் வேளச்சேரி வண்டியில் ஏறினாலோ அடுத்து வருவது சிந்தாதிரிப்பேட்டை! ‘நகர்’ என்னும் ஒரு சொல்லைப் படியாது விட்டால் ஊர் வண்டியே தவறிவிடும்.

ஆகவே, செல்லும் ஊரையும் ஏறும் நிலையத்தையும் முன்னரே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பெயர்ப்பலகையை இறுதிச் சொல்வரை படித்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் நிலைய ஊழியரிடம், “ஐயா, எழும்பூர் செல்ல எந்த நடைமேடை?” எனத் தயங்காது கேட்டல் வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த சிறுவரே அன்று குடும்பத்திற்கு வழிகாட்டி ஆவர்.

பயிற்சி

1. சென்ட்ரலிலிருந்து எழும்பூர் செல்லும் வழியை மூன்று தொடர்களில் எழுதுக.
2. உம் ஊர்ப் பேருந்து நிலையப் பலகைகளில் காணும் ஐந்து ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதுக.