குளிர்நாட்டில் முதல் பனிக்காலம்: இளம் தோட்டக்காரருக்கு ஒரு கடிதம்

டொரொண்டோவில் டிசம்பர் 21 அன்று பகல் 9 மணி நேரத்தை எட்டுவதில்லை. நண்பகலிலும் சூரியன் தொடுவானத்திலிருந்து 23 பாகைக்கு மேல் ஏறாது. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 57 பாகை உயரத்தில் நிற்கும். ஜூனில் 15 மணி நேரத்துக்கும் மேல் பகலைக் கண்ட செடிக்கு ஆறு மாதம் கழித்து ஜன்னல் வழியே வரும் சாய்வெயில்தான் மிச்சம். அதுவும் மேகம் விட்டால். குளிரை வீட்டு ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். வெளிச்சக் குறைவைப் பார்த்துக்கொள்ள எந்தக் கருவியும் தானாக ஓடுவதில்லை. தண்ணீர், உரம், சூடு, தொட்டியின் அளவு எல்லாவற்றையும் கிடைக்கிற வெளிச்சத்துக்கு ஏற்றபடி இறக்கிக்கொள்ளத் தெரிந்தவர் கையில் செடி பிழைக்கும். பனிக்காலத் தோட்டக்கலையில் மற்ற பாடங்கள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பனிக்காலத்திலும் கீரை விளைவித்துக் காட்டிய எலியட் கோல்மன் இதற்கு ஓர் எல்லைக்கோடு போட்டுத் தந்திருக்கிறார்: பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பயிரின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். டொரொண்டோவும் கிட்டத்தட்ட அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை அந்த எல்லைக்குள் வரும். இந்த மூன்று மாதமும் செடியை வளர்க்கப் பார்க்கக் கூடாது. இருக்கிற நிலையில் காத்துவைத்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆண்டில் மூன்று நான்கு தொட்டிக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. அவற்றில் ஒன்றிரண்டு மணி பிளான்ட், மருள் போன்று மங்கிய வெளிச்சத்தையும் மறதியையும் பொறுத்துக்கொள்பவையாக இருக்கட்டும்.

டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழர் வீடுகளில் பனிக்காலச் செடி என்றால் பேச்சு கறிவேப்பிலையில்தான் தொடங்கும். அது எலுமிச்சை, நாரத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெப்பத்தை விரும்புவதிலும், நீர் தேங்கினால் வேர் கெடுவதிலும், செதில் பூச்சிக்கு இரையாவதிலும் எலுமிச்சைக்கு அது பங்காளி. ஒன்றைக் காக்கத் தெரிந்தவர் மற்றதையும் காத்துவிடலாம். (அதன் அறிவியல் பெயரில் இருக்கும் ‘கோனிகி’, லின்னேயசின் மாணவரான யோகான் கெர்கார்டு கோனிக்கைக் குறிப்பது. 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தவர் அவர்.) ஊரிலிருந்து மண்ணோடு கன்று கொண்டுவரும் ஆசையை விட்டுவிட வேண்டும். வெளிநாட்டு மண்ணை அனுமதியின்றி உள்ளே கொண்டுவரக் கனடாவில் தடை உண்டு. விதையும் அதிக நாள் தாங்காது. பழுத்துச் சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். தெரிந்தவர் வீட்டுத் தொட்டியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைக் கேட்டு வாங்குவதே நல்ல வழி.

கோடையில் வெளியே இருந்த தொட்டிகளை உள்ளே எடுக்க உறைபனிக்காகக் காத்திருக்கக் கூடாது. இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை நெருங்கத் தொடங்கியதுமே, டொரொண்டோவில் பெரும்பாலும் செப்டம்பர் பின்பாதியில், கறிவேப்பிலையும் மல்லிகையும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு ஓரிரு வாரம் முன்பே முழு வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தினால் இலை உதிர்வு குறையும். உள்ளே எடுக்கும் நாளில் இலைகளின் அடிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, தொட்டியின் அடித்துளையையும் விளிம்பையும் துடைத்து, மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி ஓரிரு வாரம் தனியே வைப்பது வழக்கம். இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்ப்பவர்தான் ஜனவரி முழுக்கப் பூச்சியோடு மல்லுக்கு நிற்கிறார்.

வீட்டுக்குள் மிக நல்ல இடம் தெற்கு ஜன்னல். பனிக்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகச் செல்வதால் அதன் வெயில் அறைக்குள் வெகுதூரம் நீளும். வடக்கு ஜன்னலில் கறிவேப்பிலையை வைத்தால் அது பிழைத்திருக்கலாம், தளிர்க்காது. மனிதக் கண் மங்கலுக்குப் பழகிவிடுவதால் அறை ‘நல்ல வெளிச்சமாக’ இருப்பதுபோலத் தோன்றும். வெளியே கோடை வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்க, ஜன்னலை விட்டுத் தள்ளிய மேசையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். ஆகவே தொட்டி ஜன்னலை ஒட்டி நிற்க வேண்டும். இலை மட்டும் கண்ணாடியைத் தொடக் கூடாது, தொட்ட இடம் கடுங்குளிர் இரவில் கருகும். இரவில் திரைச்சீலையை இழுக்கும்போது தொட்டி கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் அறைச் சூடு அதற்கு எட்டாது. ஹீட்டரின் சூடான காற்று வரும் துளைக்கு நேர் மேலே வைப்பதும் தவறு.

தெற்கு ஜன்னல் இல்லாத அடுக்குமாடி வீட்டில் எல்இடி விளக்குதான் கதி. வெள்ளை ஒளி தரும் சாதாரணக் குழல் வடிவ எல்இடி போதும். ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்பதில்லை. செடியின் உச்சிக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் வைத்து, நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரியவிட வேண்டும். கூரையில் எரியும் விளக்கு செடிக்கு ஆகாது. தூரம் கூடக்கூட ஒளி வேகமாகக் குறைந்துவிடும்.

பனிக்காலத்தில் வீட்டுக்குள் சாகும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்பு மிகுந்த கைதான் எமன். வெளிச்சம் குறைந்தால் இலை குறைவாக உழைக்கும். வேர் குறைவாக உறிஞ்சும். கோடையில் இரண்டு நாளில் காய்ந்த மண் இப்போது இரண்டு வாரம் ஈரமாகவே கிடக்கும். மண்ணின் நுண்துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிற்பதால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. திணறிய வேரில் அழுகல் நோய் ஏறும். அழுகிய வேரால் தண்ணீர் இழுக்க முடியாது என்பதால் இலை வாடித் தொங்கும். வேர் அழுகிய செடியும் தாகமெடுத்த செடியும் ஒரே மாதிரிதான் வாடும். அனுபவமில்லாதவர் அதைத் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றுவார். செடியின் கதை அத்தோடு முடியும்.

கிழமை குறித்துத் தண்ணீர் ஊற்றுவது, ஆகவே, முதலில் விட வேண்டிய பழக்கம். கறிவேப்பிலைத் தொட்டியில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்க்கலாம்; ஈரமண் விரலில் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். சிறு தொட்டியைக் கையால் தூக்கிப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. நீர் ஊற்றியவுடன் ஒருமுறை தூக்கி, அந்தக் கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு அவ்வப்போது தூக்கினால், எப்போது காய்ந்தது என்பது சில வாரத்தில் கைக்கே தெரிந்துவிடும். ஊற்றும்போது மட்டும் அரைகுறையாக ஊற்றக் கூடாது. அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, அடித்தட்டில் தேங்கியதை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீர் விரல் மரத்துப்போகும் குளிர்ச்சியில் வரும். ஒரு வாளியில் பிடித்து இரவு முழுக்க அறைச் சூட்டில் வைத்து மறுநாள் ஊற்றுவது வேருக்கு நல்லது. உரம் அக்டோபரோடு நிறுத்தம். வளராத செடிக்கு உரம் போட்டால் உப்பு மண்ணிலேயே தங்கி வேர்நுனியைக் கருக்கும்.

அடுத்தது காற்று. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றால் சுமார் 2 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம் வரை தாங்கும். வெளிக்காற்று வீட்டுக்குள் வந்து சூடேறும்போது அதே 2 கிராம்தான் கையில். ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். சமையல், குளியல், மனித மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏற்றினாலும், வெப்பமண்டலச் செடிக்கு அது பாலைவனக் காற்றுதான். இலைமீது நீர் தெளிப்பது பலருக்குப் பிடித்த வைத்தியம். தெளித்த ஈரம் சில நிமிடங்களில் ஆவியாகி அறையோடு கலந்துவிடுவதால் தெளிப்பவரின் மனநிறைவுக்கு மேல் அதில் பலன் அதிகம் இல்லை. தொட்டிகளைக் கூட்டமாக வைப்பதும், கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் விட்டு அதன்மேல் தொட்டியை நிறுத்துவதும் ஓரளவுக்கு உதவும். கையில் காசு இருந்தால் சிறிய ஹியூமிடிஃபயர் வாங்கிவிடுவதே மேல். டொரொண்டோ ஆலன் கார்டன்ஸில் 1910இல் கட்டிய ‘பனை மாளிகை’ என்ற கண்ணாடிச் செடிவீடு இருக்கிறது. உறைகுளிரிலிருந்து அதற்குள் நுழைபவரின் மூக்குக் கண்ணாடி சட்டென்று மங்கும். வெப்பமண்டலச் செடி கேட்கிற காற்று எது என்பதை இளம் தோட்டக்காரர் அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம்.

உலர்ந்த சூடான காற்றில் கொண்டாட்டம் சிலந்திப்பேனுக்கு. கண்ணுக்கு எளிதில் படாது. இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், அந்த இலையை வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்ட வேண்டும். விழுந்த தூசியில் சில துகள்கள் நகரத் தொடங்கினால் சந்தேகம் தீர்ந்தது. செதில் பூச்சி தண்டில் பழுப்புப் பொட்டாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். நகத்தால் நெம்பினால் உரிந்து வரும். பூச்சி கண்ணில் படுவதற்கு முன்பே கீழ் இலைகளும் ஜன்னல் திட்டும் பிசுபிசுப்பது அதன் அடையாளம். மாவுப்பூச்சி இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சுபோலத் தெரியும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்து, பிறகு செடிகளுக்கென்றே விற்கும் சோப்புக் கரைசலை வாரம் ஒருமுறை, இலையின் அடிப்புறத்தில் படும்படி, மூன்று நான்கு வாரம் அடித்தால் அடங்கும். முட்டைகள் பிழைத்துப் பொரிப்பதால் ஒரே தடவையில் நிறுத்திவிட முடியாது. பாத்திரம் துலக்கும் சோப்பு மலிவுதான், இலையைக் கருக்கிவிடும். மண்ணிலிருந்து கிளம்பி முகத்தைச் சுற்றும் குட்டி ஈக்களோ தண்ணீர் அதிகம் ஊற்றியதற்கான சாட்சி. மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றை நட்டுவைத்தால் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் ஜனவரியில் கறிவேப்பிலை மஞ்சளாகி இலை உதிர்க்கக்கூடும். புதியவர் பதறும் இடம் இது. குளிர்ந்த வேரோடும் குறைந்த ஒளியோடும் இருக்கும் செடி இலையைக் கழித்து ஓய்வுக்குப் போவது இயல்பு. தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கலாம். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கீழே கீற வேண்டும். பெரும்பாலும் எங்காவது பச்சை தட்டுப்படும். மொட்டையாக நிற்கும் செடிக்கு நீர் மேலும் குறைவாகப் போதும். தொட்டியைக் குளிர்ந்த தரையிலிருந்து ஒரு பலகைமேல் ஏற்றுவதும் நன்மை தரும். தாளிதத்துக்கு இலை வேண்டுமென்றால் இந்த மாதங்களில் கடையில் வாங்கிக்கொள்வதே செடிக்குச் செய்யும் உதவி.

வெளியே இருக்கும் நிலத்துக்குப் பனிக்காலத்தில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. மண்சட்டிகளைக் காலிசெய்து உள்ளே வைக்காவிட்டால் ஈரம் உறைந்து விரிந்து வெடிக்கும். ரோஜாவின் அடித்தண்டைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்கு மண் அணைக்கலாம். படுக்கைமேல் விழுந்த பனியை வாரிப்போட வேண்டியதில்லை. அது வேருக்குக் கம்பளி. தெரு உப்பு கலந்த பனியை மட்டும் அங்கே குவிக்கக் கூடாது. அக்டோபர் பின்பாதியில் பூண்டுப் பற்களைக் கூர்முனை மேலாக 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே வைக்கோல் பரப்பினால், பனிக்கடியில் வேர்விட்டு மறு ஜூலையில் அறுவடைக்கு வரும். பற்கள் பிரிந்த பூண்டாகத் திரள அதற்குக் குளிர் தேவை. டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘மியூசிக்’ என்ற கெட்டித்தண்டு வகை நம்பிக்கையானது.

பிப்ரவரியில் பகல் 10 மணி நேரத்தைத் தாண்டியதும் கணுக்களில் தளிர் முனை தெரியும். கறிவேப்பிலையை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட அதுவே சமயம்; வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். வேர் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தால் மார்ச்சில், முன்னதைவிட 5 சென்டிமீட்டர் மட்டும் அகலமான தொட்டிக்கு மாற்றலாம். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போனால், வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கி அழுகல் திரும்ப வரும். தளிர் விரிந்த பிறகே உரம். அதுவும் முதலில் பாதி அளவு.

மிளகாய், கத்தரி விதைகளை மார்ச் நடுவிலும் தக்காளியை மாத இறுதியிலும் உள்ளே போடுவது கணக்கு. மிளகாயும் கத்தரியும் முளைக்க மண் 25 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்பதால் தட்டின் அடியில் சூட்டுப் பாய் வைப்பார்கள். பாகலும் புடலும் வேரைத் தொட்டாலே சிணுங்குபவை. அவற்றை ஏப்ரல் கடைசியில், அப்படியே மண்ணில் நடக்கூடிய காகிதக் குவளையில் தொடங்கினால் போதும்.

மே 25க்கு முந்தைய திங்கட்கிழமையான விக்டோரியா தினம்வரை வெப்பச் செடிகளை வெளியே நடாமல் இருப்பது ஒன்டாரியோ வழக்கம். அதன் பிறகும் இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே விரிந்த இலை நேர்வெயிலைக் கண்டதில்லை. முதல் நாளே வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகும். முதல் இரண்டு நாள் மர நிழலில் ஓரிரு மணி நேரம், பிறகு காலை வெயிலில் கொஞ்சம், இரவானால் உள்ளே என ஒரு வாரம் முதல் பத்து நாள் பழக்கிய பிறகே தொட்டியை அதன் கோடை இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கே போனதும் மண் மறுபடி இரண்டு நாளில் காயும். தண்ணீரின் அளவை அன்றிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாம்.