சமாதானம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்

கேள்வி: எங்களுக்குள் வாக்குவாதம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். நல்ல குடும்பம் எப்படி இருக்கும் என்று எட்டு வயது மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: கதவைச் சாத்தினாலும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், தட்டை ‘டங்’கென்று வைக்கும் சத்தம் போதும். தெரியாமல் போவது, நீங்கள் பிறகு சமாதானமானதுதான். அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ், பெரியவர்களின் சண்டையைப் பார்க்கும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சண்டை தீர்வதைப் பார்த்த பிள்ளைகளிடம் பதற்றம் வெகுவாகக் குறைந்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமலிருப்பதும் அவர்களைப் பாதித்தது. நம் வீடுகளில் இதைத்தான் ‘அமைதி’ என்று நினைத்துக்கொள்கிறோம்! அதற்காகப் பிள்ளை முன்னால் எல்லாவற்றையும் பேசலாமா என்பீர்கள். வேண்டாம், கடனும் மாமியார் விவகாரமும் அவளுக்கு எதற்கு? “அப்பாவும் அம்மாவும் பேசி முடிச்சிட்டோம், உன்னால வந்த சண்டை இல்ல” என்றால் போதும். கண்ணால் பார்க்காமல், தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டாலே பிள்ளைகள் தேறுவதையும் கம்மிங்ஸ் கண்டார். ஆனால் உண்மையிலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஒப்புக்குச் சிரிப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.