முந்நூறு வயதுக்காரனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால்?

கேள்வி: முதுமையே அண்டாத ஒருவனை நாயகனாக வைத்து, சரித்திர மிகுபுனைவுக் கதைகளை வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் அமெரிக்கா. 1740இல் பாஸ்டன் நகரத்தில், முப்பதோடு அவன் வயது நின்றுவிடுகிறது. அதன்பின் பாஸ்டன் தேயிலைக் கலகம், வாஷிங்டனின் படை, லிங்கன் சுடப்பட்ட நாடக அரங்கு, கலிபோர்னியாவின் தங்க வேட்டை, நிலாவுக்கு ராக்கெட் கிளம்பிய நாள் என்று எல்லா இடத்திலும் அவன் இருக்கிறான். ஐந்து கதைகள் முடிந்துவிட்டன. படித்த நண்பர்கள், "பாடப் புத்தகத்துக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்கிறார்கள். என் தம்பியோ, "சாகாதவனுக்கு என்ன ஆபத்து வந்துடப்போகுது, நான் எதுக்குப் பதறணும்?" என்று கேட்கிறான். நான் அமெரிக்கா போனதில்லை என்பதுதான் குறையா?

- ஒரு வாசகர், மதுரை

பதில்: போகாதது ஒரு குறையே இல்லை. தம்பி கேட்ட கேள்விக்கு உங்கள் கதைகளுக்குள் பதில் இல்லை, அதுதான் குறை. துப்பாக்கிக்கும் அம்மைக்கும் அஞ்ச வேண்டாதவன்கூட அமெரிக்காவில் ஒன்றுக்கு அஞ்சியாக வேண்டும். அது பதிவேடு.

நம்முடைய சிரஞ்சீவிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மார்க்கண்டேயரிடம் யாரும் ஆதார் அட்டை கேட்டதில்லை. அசுவத்தாமன் காடு மாறிக் காடு போய்க்கொண்டே இருக்கலாம். அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அரசாங்கமே வாசலில் வந்து நின்று ஆள் எண்ணுகிறது. முதல் சில கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். வீட்டிலிருந்த மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. உங்கள் ஆள் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தால் போதும், 1840 வரை அந்த ஏடுகளில் அவன் பெயரே வராது. 1850இல் முறை மாறுகிறது. சுதந்திரமாக வாழும் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் பிறந்த இடத்தையும் கேட்டு எழுதுகிறார்கள். முப்பது என்கிறான். 1860இலும் முப்பது என்று சொல்ல வேண்டுமானால் அதற்குள் ஊரைக் காலி செய்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவே, 1839இல், டாகரோடைப் என்ற படக்கலை அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. உள்நாட்டுப் போருக்குக் கிளம்பிய சிப்பாய்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து படம் எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். உங்கள் நாயகனும் யாராவது ஒருத்திக்குக் கொடுத்திருப்பான். ஐம்பது வருடம் கழித்து அவளுடைய பேத்தி அந்தப் படத்தோடு அவன் எதிரில் வந்து நின்றால்? 1917 ஜூன் 5 அன்று முதல் உலகப் போருக்காக 21 முதல் 30 வயது வரையுள்ள ஆண்கள் எல்லோரும் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவு. அவன் முகத்துக்கு வயது முப்பது! உண்மையான வயதைச் சொன்னால் மனநோய் மருத்துவமனை, முகத்தின் வயதைச் சொன்னால் பட்டாளம். 1936 கடைசியில் சோஷியல் செக்யூரிட்டி எண் கொடுக்கத் தொடங்குகிறார்கள். ஆண்டு ஏற ஏற அவனுக்கு ஒளிய இடம் குறைகிறது. தம்பி தேடும் பதற்றம் இங்கே தானாக வரும்.

அவனுக்கு நல்ல நாட்களும் உண்டு. 1890 கணக்கெடுப்பின் ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் பற்றிய தீயிலும், அதை அணைக்க அடித்த தண்ணீரிலும் பாழாயிற்று. வம்ச வரலாறு தேடுபவர்கள் அதை நினைத்து இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆள் அன்று ஒரு கோப்பை விஸ்கி குடித்திருப்பான், மதுவிலக்குக் காலமாக இருந்தாலும்.

அதைவிடப் பெரிய வாய்ப்பு 1906. சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் நகரத்தின் பிறப்புப் பதிவுகளை அழித்துவிட்டன. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று 1882இல் சட்டம் போட்டிருந்தார்கள். 1943 வரை அது எடுக்கப்படவில்லை. ஆனால் குடிமகனின் பிள்ளைக்கு உள்ளே வர உரிமை உண்டு. ஏடு எரிந்ததும், "நான் இங்கேதான் பிறந்தேன், சீனாவில் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று பலர் பதிந்துகொண்டார்கள். பெற்ற பிள்ளை அல்லாதவர்களும் பிள்ளைகளாக வந்தார்கள். 'காகித மகன்கள்' என்று அவர்களுக்குப் பெயர். ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலையத்தில் 1910 முதல் 1940 வரை நடந்த விசாரணையில், உன் வீட்டு வாசலில் எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில் இருந்தது என்றெல்லாம் கேட்டார்கள். வந்தவர்கள் இல்லாத ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். அடுத்த பெயருக்கும் அடுத்த பிறந்த தேதிக்கும் அலையும் உங்கள் நாயகன் இவர்களிடம் போய்த் தொழில் கற்கட்டும். லிங்கனோடு கைகுலுக்குவதைவிட இது நூறு மடங்கு நல்ல கதை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அவன் நிறம் என்ன? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. வெள்ளையன் என்று நீங்களே தெரியாமல் முடிவுசெய்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. கறுப்பினத்தவன் என்று வைத்துப் பாருங்கள், கதை தலைகீழாகிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி ஏடு. சொந்தக்காரனின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் இவ்வளவுதான். பெரும்பாலும் பெயரே கிடையாது. பெயரே இல்லாதவனுக்கு ஒளிவது சுலபம் என்று நினைக்காதீர்கள். அடிமையின் விலை வயதைப் பொறுத்தது. என்றைக்கும் முப்பதாகவே இருக்கும் ஒருவனின் விலை இறங்கவே இறங்காது. அப்பன் மகனுக்கும், மகன் பேரனுக்கும் உயிலில் எழுதி வைக்கும் சொத்தாகிவிடுவான். வரம் எப்படிச் சாபமாகிறது என்று பார்த்தீர்களா? ஆக்டேவியா பட்லர் 1980இல் எழுதிய 'வைல்ட் சீட்' நாவலில், 1690இல் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் முதுமையற்ற பெண் ஒருத்தி வருகிறாள். எழுதுவதற்கு முன் ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால் அதைப் படியுங்கள்.

மிகுபுனைவு இல்லாமலேயே அமெரிக்கா ஒரு 'சாகாதவரை'க் கண்டிருக்கிறது. 1835இல் பி. டி. பார்னம் என்ற இளம் வியாபாரி, ஜாய்ஸ் ஹெத் என்ற பார்வையிழந்த கறுப்பின மூதாட்டியைக் காட்சிப் பொருளாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். அவருக்கு வயது 161 என்றும், குழந்தை ஜார்ஜ் வாஷிங்டனை வளர்த்த செவிலி என்றும் விளம்பரம். சான்றாக 1727 தேதியிட்ட அடிமை விற்பனைப் பத்திரம் ஒன்று! நியூயார்க்கில் கூட்டம் காசு கொடுத்து வந்து பார்த்தது. மறு வருடம் அவர் இறந்ததும் பிணப் பரிசோதனையையும் பார்னம் விட்டுவைக்கவில்லை. தலைக்கு ஐம்பது சென்ட் டிக்கெட். எண்பதுக்கு மேல் இருக்காது என்று அறுத்துப் பார்த்த மருத்துவர் சொன்னார். உங்கள் நாயகன் 1835இல் நியூயார்க்கில் அந்த வரிசையில் நிற்கட்டும். அங்கே நூறைத் தாண்டியவன் அவன் ஒருவன்தான். பொய்யான காகிதத்தை எல்லோரும் நம்புகிறார்கள், உண்மையைச் சொன்னால் அவனை யாரும் நம்பமாட்டார்கள். நானாக இருந்தால் வரிசையின் முதல் கதையே இதுதான்.

அடுத்தது, வரலாற்றில் அவன் ஏன் கை வைக்கவில்லை என்ற கேள்வி. இவ்வளவு காலம் இருந்தவன் எதையாவது தடுத்திருக்கலாமே என்று வாசகர் கேட்பார். 'விதி' என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். 1854 மே மாதம், வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்த அந்தோனி பர்ன்ஸ் என்ற அடிமையைப் பாஸ்டனில் பிடித்தார்கள். அவரை மீட்க ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை உடைக்கப் பார்த்தது. காவலர் ஒருவர் இறந்தார். ஜூன் 2 அன்று, இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்க, துருப்புகள் புடைசூழ அவரைக் கப்பலுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். தப்பிய அடிமைக்கு உதவினால் ஆறு மாதச் சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம் என்பது 1850ஆம் ஆண்டுச் சட்டம். எண்பது வருடங்களுக்கு முன் இதே ஊரில் சுதந்திரம் என்று கத்திக்கொண்டு தேயிலையைக் கடலில் கொட்டியவன் உங்கள் ஆள். இப்போது கதவை உடைக்கப் போனால் கைதாவான். கைதானால் பெயர், வயது, ஊர் எல்லாம் ஏட்டில் ஏறும். அவன் போகிறானா? எழுதுபவர் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். போகாமல் இருந்துவிட்டால், அதற்குப் பின் வரும் எல்லாக் கதைகளிலும் அவன் அந்த நாளைச் சுமக்க வேண்டும்.

புகழ்பெற்ற நிகழ்ச்சிகளில் அவனை நிறுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். லிங்கன் சுடப்பட்ட அரங்கில் ஐந்து வயதுப் பையனாக இருந்த சாமுவேல் சீமோர், 1956இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்து உட்கார்ந்தார். உள்நாட்டுப் போர்ச் சிப்பாயின் மகள் ஒருவர் 2020 வரை மாதம் 73 டாலர் 13 சென்ட் அரசு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். சாதாரண மனித ஆயுளே இவ்வளவு தூரம் எட்டிப் பிடிக்கும்போது, 'நான் அங்கே இருந்தேன்' என்பது மட்டும் ஒரு கதையாகாது. வாஷிங்டன் இர்விங் 1819இலேயே வேறு வழி காட்டிவிட்டார். அவருடைய ரிப் வான் விங்கிள் விடுதலைப் போர் முழுவதையும் தூங்கியே கழிக்கிறான். விழித்து ஊருக்குள் வந்தால், சத்திரத்துப் பலகையில் இருந்த ஜார்ஜ் மன்னரின் படத்தை ஜெனரல் வாஷிங்டனாக மாற்றி வரைந்திருக்கிறார்கள். ஒரு புரட்சியைச் சொல்ல அந்தப் பலகை போதுமாயிருந்தது. அப்படிப்பட்ட சின்ன நாட்களைத் தேடுங்கள். 1752இல் ஆங்கிலேயக் காலனிகள் நாட்காட்டியைத் திருத்தின. செப்டம்பர் 2க்கு மறுநாள் 14. 1883 நவம்பர் 18 அன்று ரயில்வேக்காரர்கள் நேரத்தை மாற்றியதால் சில ஊர்களில் ஒரே நாளில் இரண்டு முறை நண்பகல் வந்தது. காலமே தீண்டாதவனின் கடிகாரம் அன்று தப்பாக ஓடுகிறது!

அவனுக்கு ஒரு வரம்பும் வேண்டும். பீட் ஹாமில் 2003இல் எழுதிய 'ஃபாரெவர்' நாவலின் நாயகன் சாகமாட்டான், ஆனால் மன்ஹாட்டன் தீவை விட்டு வெளியேறக் கூடாது. அவனும் 1740இல்தான் நியூயார்க்குக்கு வந்து இறங்குகிறான். ஆண்டையாவது நீங்கள் மாற்றிக்கொள்வது நல்லது.

மதுரையிலிருந்தே எழுத முடியும். 1832ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டப்படி விடுதலைப் போர்க் கிழவர்கள் நீதிமன்றத்தில் வந்து தங்கள் படைச் சேவையை வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவற்றைத் தேடிப் படியுங்கள். 1936 முதல் 1938 வரை, ஒருகாலத்தில் அடிமைகளாயிருந்தவர்களிடம் அரசுத் திட்டம் ஒன்று நேர்காணல் எடுத்தது. அப்படிச் சேர்ந்த 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதால், சொன்னவர்கள் எதையெல்லாம் விழுங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் ஆளும் மறக்கட்டும், மழுப்பட்டும். இருநூற்று எண்பது வருடத்தையும் தேதியோடு சொல்பவன் கலைக்களஞ்சியம்.

நம் ஊர்த் தொடர்பு கட்டாயமில்லை. ஆனாலும் பாஸ்டன்காரனுக்கு அது வலியவே கிடைக்கிறது. ஃபிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் அங்கே உறைந்த ஏரிகளில் வெட்டிய ஐஸை மரத்தூளில் பொதிந்து மெட்ராஸ் வரை அனுப்பினார். திருவல்லிக்கேணி கடற்கரையில் அதற்காகக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. நூறு வருடமாக ஒரே ஊரில் மாட்டிக்கொண்டவனுக்கு ஐஸ் கப்பலில் ஒரு கூலி வேலை கிடைத்தால் ஏற மாட்டானா?

ஐந்து கதைகளில் தங்க வேட்டையை வைத்துக்கொள்ளுங்கள். 1849இல் கலிபோர்னியாவுக்கு வந்த யாரிடமும் யாரும் பழைய கதை கேட்கவில்லை, அவனுக்கு ஏற்ற இடம். (லிங்கனுக்குப் பிறகு அதைப் போட்டிருக்கிறீர்கள். வரிசையைச் சரிபாருங்கள்.) நிலாக் கதையில்தான் சிக்கல். 1947இலேயே அதிபர் ட்ரூமன், அரசு வேலையில் இருப்பவர்களையும் சேர வருபவர்களையும் விசாரிக்க ஆணை போட்டுவிட்டார். பிறந்த தேதியே பொய்யான ஒருவன் 1969இல் ஏவுதளத்துக்குள் ஊழியனாக நுழைய எவ்வளவு பெரிய மோசடி செய்ய வேண்டியிருக்கும்! அவ்வளவு துணிந்து அவன் ஏன் உள்ளே போக நினைக்கிறான் என்பதற்கு உங்களிடம் காரணம் இருந்தால் அந்தக் கதையைத் திரும்ப எழுதுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.