இல்லறத்தார்க்கு இரண்டு நாழிகை

சிராவகர் மேற்கொள்ளத்தக்க விரதங்கள் பன்னிரண்டு என்பதை நாம் அறிவோம். அவை அணுவிரதம் 5, குணவிரதம் 3, சிட்சாவிரதம் 4 ஆகும். இவற்றுள் இறுதியில் நிற்கும் சிட்சாவிரதங்களைத் தேசாவகாசிகம், சாமாயிகம், போசதோபவாசம், வையாவிருத்தம் என நான்காக வகுத்துரைக்கின்றது அருங்கலச்செப்பு. சிட்சை என்பது பயிற்சி. பழகப் பழகக் கைவருவன ஆதலின் இவை இப்பெயர் பெற்றன. நேரமே இல்லை என்று வருந்தும் நகரக் குடும்பங்களுக்கு இவ்விரதங்கள், சிறப்பாக முதலிரண்டும், காட்டும் வழி யாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இன்றைய நிலை

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து கல்விக்காகவும் பணிக்காகவும் சென்னைக்குக் குடிபெயர்ந்தோர் நம்மில் பலர். ஊரில் விளக்கேற்றுமுன் வீடு முழுவதும் உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும். இங்கோ தந்தை ஒரு திசையிலும் தாய் ஒரு திசையிலும் பணிக்குச் செல்ல, பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சி வகுப்பிற்கு விரைகின்றனர். ஒரே வீட்டில் நால்வர் நான்கு வேளையில் உண்கின்றனர். ஞாயிற்றுக்கிழமையும் தியாகராய நகர்க் கடைவீதி நெரிசலில் கழிந்துவிடுகின்றது.

மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் மழலைச் சொல்லை இசைக்கருவிகளின் இனிமைக்கும் மேலாக வைத்தார் திருவள்ளுவர். அவ்வினிமையை நுகரச் செவி மட்டும் போதாது. அமர்ந்து கேட்கும் பொழுதும் வேண்டும். குழந்தை ஏதோ சொல்ல வருகின்றது. "பிறகு சொல்" என்கின்றோம். அந்தப் பிறகு வருவதேயில்லை. சில ஆண்டுகள் கழித்து நாம் கேட்கக் காத்திருக்கும்போது, சொல்வதற்கு அப்பிள்ளைக்கு மனமிராது. இவ்விழப்பைப் பொருளால் ஈடுசெய்தல் இயலாது.

எல்லை வகுத்தல்

திக்விரதத்தால் வாழ்நாள் முழுமைக்கும் வகுத்துக்கொண்ட எல்லையை, ஒரு குறித்த காலத்திற்கு மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். வீடு, ஊர், வயல், ஆறு போன்றவற்றை எல்லைக் குறிகளாக முன்னோர் காட்டினர். சென்னையில் வாழும் நமக்கும் எல்லைக் குறிகளுக்குக் குறைவில்லை. மயிலையில் வாழ்வோர், "இன்று பிற்பகல் நான்கு மாட வீதிகளைத் தாண்டேன்" எனலாம். தியாகராய நகரில் வாழ்வோர் நடேசன் பூங்காவை எல்லையாக வைக்கலாம். அடையாற்றில் வாழ்வோர்க்கு ஆறே எல்லை. எல்லைக்கு அப்பாலுள்ள கொள்முதலும் கேளிக்கையும் அவற்றால் விளையும் வினையும் அவ்வேளையில் நம்மை அணுகா.

இவ்விரதத்திற்குச் சொல்லப்பட்ட ஐந்து அதிசாரங்களை இன்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எல்லைக்கு வெளியே ஆளனுப்புதல், அங்குள்ளோர்க்குக் குரல் கொடுத்தல், அங்கிருந்து பொருளை வரவழைத்தல், உருவைக் காட்டிக் குறிப்புணர்த்துதல், பொருளை எறிந்து கவனத்தை ஈர்த்தல் என்பன அவை. உடல் வீட்டிலிருக்க, கைப்பேசியில் அலுவலகத்திற்குக் குரல் கொடுப்பதும், காணொளியில் உருவைக் காட்டுவதும், கடைப் பொருளை வாசலுக்கு வரவழைப்பதும் இவற்றுள் அடங்கும் அல்லவா? உடல் எல்லைக்குள் இருந்தால் போதாது, மனமும் உடனிருத்தல் வேண்டும் என்பதை எத்துணை நுட்பமாக உணர்ந்திருந்தனர் நம் முன்னோர்!

இரண்டு நாழிகை

தேசாவகாசிகம் இடத்திற்கு எல்லை வகுக்கின்றது. சாமாயிகமோ குறித்த பொழுதளவும் பாவச் செயல்களை அறவே நீக்கிச் சமநிலையில் நிற்பது. வழக்கில் இதற்கு ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை கொள்வர். ஒரு நாழிகை 24 நிமிடம் ஆதலின் இது 48 நிமிடமாகும். ஒரு நாளுக்கு 30 முகூர்த்தம். அவற்றுள் 29-ஐ உலகிற்குக் கொடுத்து ஒன்றை மட்டும் ஆன்மாவிற்கு வைத்துக்கொள்ளச் சொல்வதை அரிய செயல் எனல் தகுமோ?

ஒன்றை இங்குத் தெளிவுபடுத்துதல் வேண்டும். சாமாயிகம் உரையாடலுக்குரிய நேரமன்று. அது மௌனத்திற்கும் தியானத்திற்கும் உரியது. ஆயினும் அதனை முடித்து எழுந்தவரின் சொல்லில் பதற்றம் இராது. எனவே முதலில் சாமாயிகம், பின்னர் குடும்பத்தாருடன் அளவளாவுதல் என்னும் முறையே சிறந்தது. சிறுவர் தொடக்கத்தில் சிறிது நேரம் அமர்ந்தாலே போதும்.

பொழுது சாயுமுன் உணவு

இரவுண்ணாமை சிற்றுயிர்களைக் காக்கும் அகிம்சை நெறி. அதன் உடன்விளைவாக, வீட்டார் அனைவரும் ஒருங்கே உண்ணும் வழக்கமும் நிலைபெற்றது. சென்னையில் கதிரவன் நவம்பர்ப் பிற்பகுதியில் ஏறத்தாழ மாலை 5.40 மணிக்கும், ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 6.40 மணிக்கும் மறைகின்றான். பணிக்குச் செல்வோர்க்கு வேலை நாட்களில் இது அரிதே. ஆனால் விடுமுறை நாளில் அரிதன்று. அன்றேனும் அனைவரும் ஒரே பந்தியில் அமர்தல் வேண்டும். சமையலும் பரிமாறலும் தாய் ஒருவரின் சுமையாகாமல் யாவரும் பங்கேற்றால்தான் அவருக்கும் அது ஓய்வுப் பொழுதாகும்.

உண்டபின் பேசுதற்குப் பொருளா இல்லை? நாம் நாளும் விரைந்து கடக்கும் மயிலையில் முன்னாளில் நேமிநாதர் கோயில் கொண்டிருந்தார். அவர் திருப்பெயராலேயே குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டார். கடல்கோளுக்கு அஞ்சி அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. இதனைத் தாத்தாவும் பாட்டியும் சொல்லக் கேட்ட பிள்ளைக்கு மயிலை வெறும் பேருந்து நிறுத்தமாகத் தோன்றாது. துறவோர்க்குச் செய்யும் தொண்டாகிய வையாவிருத்தத்திற்கு, இல்லத்து முதியோரின் சொல்லைப் பொறுமையுடன் செவிமடுத்தலே நல்ல முன்பயிற்சியாகும்.

ஓய்வு தானே வரும் என்று காத்திருப்போர்க்கு அது வருவதில்லை. எல்லை வகுத்தோர்க்கே கிட்டுகின்றது. வரும் ஞாயிறன்று ஒரு மாலையை மட்டும் இவ்வாறு வகுத்துப் பார்ப்போமாக.

சிந்தனைக்கு

1. தேசாவகாசிகத்தின் ஐந்து அதிசாரங்கள் யாவை? நம் வீட்டில் அடிக்கடி நிகழ்வது எது?
2. நம் இல்லத்தில் அனைவரும் ஒருங்கே உண்ட நாள் எது?
3. வரும் ஞாயிறன்று நாம் வகுக்கும் எல்லை எது? எதுவரை?