ஐபோனுக்கு மாறப்போகும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வார்த்தை

வீடு திருப்பாச்சூரில், கடை திருவள்ளூர் மணவாள நகரில். மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்தாகத் தொடங்கி, ரீசார்ஜ் கடையாகி, இப்போது செல்போன் சர்வீஸ் கடையாக நிற்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் எஸ்டேட், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் தீபாவளி போனஸ் வந்த மறுவாரம் புது டப்பாவோடு வருவார்கள். அதில் ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்கு மாறுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள். சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் முழுக்க ஐபோன் கோர்த்துவிட்டு, அதே ஐபோனைத் தவணையில் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளும் உண்டு.

மாறாதே என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. மாற்றுகிற அந்த ஒரு நாளில்தான் ஆபத்து. வாடகை வீடு மாறுகிறவன் சாமான் ஏற்றுவதற்கு முன்பே பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் எப்படியிருக்கும்? கடைக்கு அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பன்னிரண்டு வார்த்தை.

1. எதற்கு மாறுகிறாய் என்று உனக்கு நீயே ஒரு வரியில் சொல்லிப் பார். கேமரா நன்றாக இருக்கிறது, பல வருஷம் அப்டேட் வருகிறது, பழைய போனை விற்றாலும் விலை போகிறது: எல்லாம் சரியான காரணம்தான். "லைன்ல எல்லாரும் வச்சிருக்காங்க" என்பதும் காரணம்தான், ஒளிக்க வேண்டாம். ஆனால் எதை விடுகிறாய் என்பதும் தெரிய வேண்டும். மெமரி கார்டு போட இடம் கிடையாது. திரும்பிப் போகக் கீழே பொத்தான் கிடையாது; ஓரத்திலிருந்து விரலால் தள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய ஆப்பை ஐபோனில் மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று: பல கம்பெனிகளில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஓ.டி. பார்க்கிற நாளில் பன்னிரண்டு மணி நேரம் லாக்கரில் தூங்கப்போகிற கேமராவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நீயே முடிவு செய்.

2. தவணை உன் காண்ட்ராக்டைவிட நீளமாக இருக்கக் கூடாது. டிரெய்னியாக ஒரு வருஷத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்றால் பதினெட்டு மாதத் தவணையில் கையெழுத்துப் போடாதே. வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் பிராசஸிங் கட்டணம் உண்டா, வட்டிமேல் ஜி.எஸ்.டி. உண்டா என்று கேள். கவர், கண்ணாடி, சார்ஜர் செலவையும் சேர்த்துக் கூட்டு. டப்பாவில் இப்போது கேபிள் மட்டும்தான் வருகிறது.

3. புதுப் போன் வாங்கும் முன் உன் ஜிமெயில் பாஸ்வேர்டு உனக்குத் தெரிய வேண்டும். சிரிக்காதே. முதல் போன் வாங்கியபோது கடைப் பையன் ஒருவன் அவசரமாக ஒரு கணக்கைத் திறந்து கொடுத்திருப்பான். பாஸ்வேர்டு அவனோடு போயிருக்கும். அந்தக் கணக்கில்தான் உன் நம்பர்கள், போட்டோக்கள் எல்லாம் கிடக்கின்றன. இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு நம்பராக உன் நம்பரைப் போடு. பிறகு காண்டாக்ட்ஸைத் திறந்து பார். கொஞ்சம் சிம்மில், கொஞ்சம் போனில், மீதி கூகுளில் சேமித்திருப்பாய். எல்லாவற்றையும் கூகுளுக்கு ஏற்று. ஐபோனில் அதே கணக்கைச் சேர்த்து காண்டாக்ட்ஸை ஆன் செய்தால் அத்தனையும் வந்து இறங்கும்.

4. கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதை முதலில் தேடு. இது நான் பட்டது. கடன் சொல்லிப் போன வாடிக்கையாளர் கணக்கையெல்லாம் பழைய போனில் ஏதோ ஒரு நோட்ஸ் ஆப்பில் எழுதி வைத்திருந்தேன். போன் மாற்றினேன். போட்டோ வந்தது, நம்பர் வந்தது, நோட்ஸ் வரவில்லை. பழையதை அழித்துக் கொடுத்தும் ஆயிற்று. ஊருக்கெல்லாம் போன் மாற்றித் தருகிறவன் நான்! விஷயம் பரவி, பாக்கி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து "அண்ணே, நான் நானூத்தம்பது தரணும்" என்று அவர்களே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று பேர் மட்டும் இன்றும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் ரோடு கடக்கிறார்கள். ஆகவே நோட்ஸ், குரல் பதிவு, பதிவு செய்த அழைப்பு, டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் சம்பளச் சீட்டு, மெமரி கார்டில் உள்ள கல்யாண வீடியோ என்று ஒரு தாளில் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடி. என் கடன் கணக்கு இப்போது நாற்பது பக்க நோட்டில், கல்லாவுக்கு மேல் ஆணியில் தொங்குகிறது.

5. இரண்டு சிம் வைத்திருந்தால் முன்கூட்டியே யோசி. இங்கே விற்கிற ஐபோன்களில் பெரும்பாலும் ஒரு சிம் அட்டைக்குத்தான் இடம்; இரண்டாவது இ-சிம்மாகத்தான் இருக்க வேண்டும். பேங்கிலும் ஆதாரிலும் பதிந்திருக்கிற நம்பரை அட்டையாகவே விட்டுவிடு. மற்றதை இ-சிம் ஆக்கு. காரணம் இருக்கிறது. சிம் மாற்றினால் திருட்டைத் தடுக்க முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ்.ஸை நிறுத்தி வைப்பார்கள். ஓ.டி.பி. வராது. பேங்க் நம்பரை மாற்றிவிட்டு அன்றைக்கே பணம் அனுப்ப உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. "இ-சிம் ஆக்டிவேட் பண்றோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது போனில் கேட்டால் அங்கேயே கட் பண்ணு. சொன்னால் உன் நம்பர் அவன் போனுக்குப் போய்விடும். நம்பருக்குப் பின்னால் பேங்க் கணக்கும் போகும்.

6. மாற்றுகிற வேலையை வார லீவு நாளில், வயிறார சாப்பிட்டுவிட்டுச் செய். ஆப்பிள் 2015இல் 'மூவ் டு ஐஓஎஸ்' என்று ஓர் ஆப்பை ஆண்ட்ராய்டுக்காகவே வெளியிட்டது. ஐபோனை முதன்முதலாக ஆன் செய்து, மொழி, வைஃபை எல்லாம் கேட்டுக்கொண்டே வரும்போது "ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டுவரவா?" என்று ஒரு திரை வரும். அந்த இடத்தைத்தான் எல்லோரும் ஆசையில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால், போனை அழித்து முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். திரையில் வரும் கோடு எண்ணை ஆண்ட்ராய்டில் போட்டால், ஐபோன் தானே ஒரு தற்காலிக வைஃபை உண்டாக்கிச் சாமானை இழுத்துக்கொள்ளும். இரண்டு போனையும் சார்ஜில் போடு. ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பை விட்டு வெளியே வராதே. நடுவில் யாராவது கூப்பிட்டாலும் அறுந்துவிடலாம். முக்கியமானது: ஆண்ட்ராய்டில் "முடிந்தது" என்று காட்டினாலும் ஐபோனில் ஓடுகிற கோடு கடைசி வரை போய் நிற்கும்வரை கையை வைக்காதே.

எங்கள் ஊர் வாசீஸ்வரர் கோயில் கதை தெரியும்தானே? திருப்பாச்சூர் என்ற பெயரில் இருக்கிற பாசு என்றால் மூங்கில். மூங்கில் புதரை வாச்சியால் வெட்டித் தோண்டியபோது உள்ளே இருந்த லிங்கத்தின் மேலேயே வெட்டு விழுந்தது என்பது தல வரலாறு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வேகமாகத் தோண்டினால் அப்படித்தான்.

7. வாட்ஸ்அப்புக்குத் தனிப் பொறுமை வேண்டும். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தன் பேக்கப்பை கூகுள் டிரைவில் வைக்கிறது. ஐபோன் வாட்ஸ்அப் ஐகிளவுடில் தேடுகிறது. ஒன்றின் பெட்டியை மற்றொன்று திறக்காது. "பேக்கப் எடுத்துட்டேன் அண்ணே" என்று தைரியமாக வந்து, புதுப் போனில் வெறும் திரையைப் பார்த்து நிற்பவர்களுக்கு இது தெரிவதில்லை. 2022இலிருந்து ஒரு வழி இருக்கிறது. மேலே சொன்ன மூவ் டு ஐஓஎஸ் திரையில் வாட்ஸ்அப்பையும் டிக் செய்து, பழைய போனிலேயே அதைத் தயார் செய்து அனுப்ப வேண்டும். அதே நம்பர்தான் இருக்க வேண்டும். புதுப் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து அதே நம்பரைப் போட்டு, அரட்டையெல்லாம் வந்துவிட்டதா என்று பழைய தேதிக்குப் போய்ப் பார். அழைப்புப் பட்டியல் வராது, அதற்காகப் பதறாதே.

8. முதல் இரண்டு நாள் சட்டைப்பையில் ரொக்கம் இருக்கட்டும். யு.பி.ஐ. ஆப்பை இறக்கினால் மட்டும் போதாது. பேங்கில் பதிந்த சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். தானாகப் போய், இந்தப் போன் உன்னுடையதுதான் என்று உறுதியாக வேண்டும். சிம்மில் பேலன்ஸ் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் ஆன் ஆவதற்குக்கூட வெளிநாட்டு நம்பருக்கு ஓர் எஸ்.எம்.எஸ். போகும், அதற்கும் சில ரூபாய் மெயின் பேலன்ஸ் வேண்டும். புதுப் போனில் பதிந்த தொடக்கத்தில் பேங்குகள் 5,000 ரூபாய் என்று வரம்பு வைப்பது வழக்கம். அதனால் வாடகை கொடுக்கிற தேதியிலோ சீட்டுக் கட்டுகிற தேதியிலோ போன் மாற்றாதே. ரயில் மாதச் சீட்டைப் போனிலேயே வைத்திருப்பவர்கள் அது முடியும்வரை காத்திருப்பது நல்லது.

9. தமிழ் விசைப்பலகையை முதல் நாளே போட்டுக்கொள். ஐபோனில் தமிழ் வராது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதே தமிழ் விசைப்பலகை உள்ளே வந்துவிட்டது. அதன் பின்னால் முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் செய்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் உழைப்பு இருக்கிறது. அமைப்புகளில் போய் 'அஞ்சல்' என்பதைத் தேர்ந்தால் ஆங்கில எழுத்தில் தட்டத் தட்டத் தமிழ் வரும். 'தமிழ் 99' என்பது 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டுக்குப் பின் அரசு தரப்படுத்திய அமைப்பு. பத்து நாள் பழகினால் விரல் பறக்கும். பழைய கைப்பழக்கம் போகாதவர்களுக்கு ஜிபோர்டும் ஐபோனில் கிடைக்கிறது. அம்மாவுக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை.

10. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் விற்கிறவனையும் பார், போனையும் பார். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ரூம்மேட்டிடம் வாங்கினாலும் ஒன்றுதான். *#06# அடித்தால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். KYM என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பு, போன் எந்த மாடல், செல்லுபடியாகுமா என்று பதில் வரும். பிறகு விற்கிறவன் உன் கண் முன்னாலேயே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை அழித்துக் காட்ட வேண்டும். "பாஸ்வேர்டு மறந்துட்டேன், அப்புறம் தர்றேன்" என்றால் எழுந்து வந்துவிடு. அந்தக் கணக்கு போட்டிருக்கும் பூட்டை என்னாலும் திறக்க முடியாது. திறப்பேன் என்கிறவனை நம்பாதே. ஐபோன் 15இலிருந்துதான் டைப் சி கேபிள். அதற்கு முந்தையது என்றால் வீட்டிலிருக்கும் சார்ஜர் கேபிள் பொருந்தாது.

11. பழைய போனை ஒரு மாதம் அழிக்காமல் வை. எக்ஸ்சேஞ்சில் இரண்டாயிரம் கூடக் கிடைக்கிறதே என்று வாங்கிய மேஜையிலேயே கொடுக்காதே. ஒரு மாதத்துக்குள் சம்பள நாள், வாடகை நாள், கேஸ் புக்கிங், பி.எஃப். பார்ப்பது எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். எது வரவில்லை என்பது அப்போதுதான் தெரியும். பிறகு கொடுக்கும்போது முதலில் கூகுள் கணக்கை நீக்கு, அதற்கப்புறம் ரீசெட் செய். வரிசை மாறினால் வாங்குகிறவனுக்கு உன் பாஸ்வேர்டு கேட்டுக் கதவு அடைத்துக்கொள்ளலாம். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குத் திரும்புகிறவர்களுக்கும் இதே விதிதான். கூடுதலாக, ஐமெசேஜை அணைத்துவிட்டு வா. இல்லையென்றால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்புவது பழைய பெட்டியிலேயே போய் விழும்.

12. எந்தக் கம்பெனிக்கும் ரசிகர் மன்றம் வைக்காதே. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. நம் பக்கத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போய் உலகத்துக்கே போன் செய்து அனுப்பினார்கள். என் கடையில் அப்போது வேறு போன் கேட்டு வருகிறவரை எண்ணிவிடலாம். 2007இல் ஐபோன், 2008இல் ஆண்ட்ராய்டு. நோக்கியா தன் பழைய அமைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்து, 2011இல்தான் விண்டோஸுக்குத் தாவியது. 2014இல் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. அந்த நவம்பர் 1ஆம் தேதியோடு நின்றது. இன்றைக்குப் பெரியதாக இருக்கும் இரண்டும் நாளைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை முக்கியமான போட்டோவையும் சான்றிதழையும் ஒரு பென் டிரைவில் எடுத்து அம்மாவின் பீரோவில் வை.

அந்த ஆலை லைனில் இருந்த பெண் ஒருத்தி, மகளுக்கு ஐபோன் வாங்கிக்கொண்டு போன தீபாவளிக்குக் கடைக்கு வந்தாள். டப்பாவைப் பிரிக்கவிடாமல் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இதாவது நிலைக்குமா?" என்று கேட்டாள். மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, உன் ஜிமெயில் பாஸ்வேர்டு என்ன?" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு, ரீசார்ஜ் பில்லின் பின்பக்கத்தில் ஒன்று என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தேன்.