பெல்ட்டை விடு, தொட்டியை உயர்த்து

அன்புள்ள தம்பிக்கு,

கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாயாம், முதலில் வாழ்த்து. மெஷின் ஷாப்பில் ஆளாளுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு லீவு போடுகிறார்கள், எல்லாருக்கும் பெல்ட் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பதில் வருவதற்குள் கொட்டேஷனும் வாங்கிவிட்டாய்! சின்ன வயதிலிருந்தே நீ அவசரக்குடுக்கைதான்.

பெல்ட் வேண்டாம். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1994இலேயே இதை அலசிவிட்டது. நல்ல உடம்போடு இருப்பவருக்கு அடிபடாமல் தடுக்க பெல்ட்டைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பெல்ட் கட்டியவருக்கு, இன்னும் கொஞ்சம் கூடத் தூக்கலாம் என்ற அசட்டுத் தைரியம் வேறு வந்துவிடலாம்.

"அப்படியானால் டிரெயினிங் கொடுக்கிறேன்" என்பாய். முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று சுவரில் படம் ஒட்டுவாய். ஒட்டு, தப்பில்லை. ஆனால் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் லேத் பக்கத்தில் போய் அரை மணி நேரம் நில். காஸ்டிங் வருகிற இரும்புத் தொட்டி தரையில் கிடக்கும். மேல் அடுக்கு தீர்கிறவரை தொந்தரவில்லை. அடி அடுக்குக்கு வந்ததும், லேத் ஓட்டுகிற மனிதர் தொட்டி விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு, கையை நீட்டி உள்ளே கவிழ்வார். அங்கே எப்படியப்பா முழங்காலை மடக்குவார்? தொட்டி இடிக்குமே! எடுத்த காஸ்டிங்கோடு காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி லேத்தின் சக்கில் மாட்டுவார். ஷிப்ட் முழுக்க இதே வேலை.

கணக்குப் போட்டுப் பார். முதுகுத்தண்டுக்கு அரை மீட்டர் முன்னால் 20 கிலோ. அதற்கு ஈடுகொடுக்கும் தசைகளோ தண்டுக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டரில் இருக்கின்றன. நெம்புகோல் கணக்கில் அவை 200 கிலோவுக்கு இழுத்தாக வேண்டும். குனிந்த உடம்பின் கனம் தனி. சுமை உடம்பை ஒட்டி இருந்தால் இந்த இழுப்பு குறையும். தண்ணீர்க் குடத்தை நம் வீட்டுப் பெண்கள் இடுப்போடு அணைத்துத்தானே எடுத்து வருகிறார்கள்? எவ்வளவு தூக்கலாம் என்று கணக்கிட நியோஷ் 1991இல் திருத்திய சூத்திரத்தில், எல்லாம் தோதாக அமைந்தால்கூட வரம்பு 23 கிலோதான். சுமை கணுக்காலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் அதுவும் பாதியாகிவிடும். தரையிலிருந்து எடுத்தாலோ, உடம்பைத் திருப்பினாலோ இன்னும் குறையும்.

"அவர்கள் பழகியவர்கள் அண்ணா, சிமெண்ட் மூட்டையையே அசால்ட்டாகத் தூக்குவார்கள்" என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பேச்சை மட்டும் என்னிடம் பேசாதே. தினமும் படுகிற சின்னச் சின்னச் சேதம் வெளியே தெரியாது. ஒருநாள் காலிப் பெட்டியை எடுக்கும்போது சுரீரென்று பிடிக்கும். நாமும் அந்தப் பெட்டியின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவே சொன்னது. பழகியவர், பழகாதவர் என்று அது ஆள் பார்க்கவில்லை.

செலவு என்று முதலாளி முகம் சுளிப்பாரோ என்று பயப்படுகிறாய். உங்கள் வெல்டரிடமே சொல்லி, தொட்டி இடுப்பு உயரத்துக்கு வருகிற மாதிரி ஒரு ஸ்டாண்டு அடி. லேத் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அடியில் கிடப்பதும் கைக்கு வரும். பெரிய மோட்டார் பாடிக்கு செயின் பிளாக் போடு. ஏற்கெனவே இருந்தால், அது ஏன் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது என்று விசாரி. எட்டாத இடத்தில் மாட்டியிருப்பார்கள், இல்லையென்றால் டார்கெட் அவசரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. டார்கெட் வைத்தது யார்? அதையும் யோசி. ஸ்டாண்டை அடிக்கும் முன் உயரத்தை அந்த லேத்காரரிடம் கேட்டு வாங்கு, உன் இடுப்பை வைத்து அளக்காதே.

இனி யாராவது வலி என்று வந்தால் தைலம் தேய்க்கச் சொல்லி அனுப்பாதே. கால் மரத்துப்போகிறது, வலுவில்லை என்றால் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் தாமதிக்காமல் அனுப்பு. சிறுநீர் போவதில் சிக்கல் என்றால் அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. அவர் திரும்பி வருவதற்குள், அவர் வேலை பார்த்த இடத்தைச் சரிசெய்து வை.

அன்புடன்,
அண்ணன்