கர்ப்பிணிகளுக்கு ஓர் எளிய தேகப்பயிற்சி

நம் சங்கத்து அங்கத்தினர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். சரக்கு வந்து சேருமுன்பே அதை இறக்கிவைக்க இடம் ஒழித்து வைப்பது வியாபாரிகளின் வழக்கம். ஆனால், வீட்டில் பிள்ளைப்பேறு வருகிறதென்றால், ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுத்து வைத்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று அநேகர் இருந்துவிடுகின்றனர். தாயின் தேகத்தை அதற்கு ஆயத்தம் செய்வதைப் பற்றி ஆண்கள் கேட்பதுமில்லை; பெண்கள் சொல்வதுமில்லை.

ஆகையால், இடுப்படித் தசைப் பயிற்சி பற்றிச் சில விவரங்களை இங்கே தருகிறோம். இதைப் படிக்க வெட்கப்படவேண்டியதில்லை. சுத்தத்தின் சட்டங்களையும், ஹைலு, நிபாஸு பற்றிய சட்டங்களையும் மதரஸாவில் ஒளிவுமறைவின்றி ஓதிய சமூகம் அல்லவா நம்முடையது!

இடுப்படித் தசை என்பது யாது?

முன்புறத்து இடுப்பெலும்பு முதல் பின்புறத்து வாலெலும்பு வரை, தூளி கட்டியதைப்போல் அமைந்துள்ள தசைத்தொகுதியே அது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவதும், சிறுநீர், மலம், காற்று ஆகியவை நம் விருப்பமின்றி வெளிப்படாமல் அடக்குவதும் அதன் வேலை. கர்ப்பம் வளர வளர அதன்மேல் பாரம் கூடுகிறது. குழந்தை வெளிவரும் நேரத்தில் இத்தசையின் சில பகுதிகள் இயல்பான நீளத்தைப்போல் 3 மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கிறதென்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இத்தசை தளர்ந்துவிட்டால், இருமினாலும், தும்மினாலும், கடையில் ஒரு மூட்டையை நகர்த்தினாலும் சிறுநீர் கசிகிறது. ஒளு முறிந்துவிட்டதோ என்ற சஞ்சலம் ஒவ்வொரு வக்திலும் வருகிறது. கல்யாண வீட்டுக்குப் போகவும் தயக்கம். பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜம் என்று எண்ணிப் பல பெண்கள் வருஷக்கணக்காக வாய் திறவாமல் இருந்துவிடுகின்றனர். சகஜமாகக் காணப்படுவது உண்மையே. ஆனால் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டுமென்பதில்லை.

ஆராய்ச்சி கூறுவது

1948-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கேகல் இத்தசைக்கான பயிற்சியை விவரித்து எழுதினார். அதனால் இன்றும் இதற்குக் கேகல் பயிற்சி என்றே பெயர். 46 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், 10,000-க்கு மேற்பட்ட பெண்களின் விவரங்கள் அடங்கியிருந்தன. கசிவு இல்லாத கர்ப்பிணிகள் முன்கூட்டியே இப்பயிற்சியைத் தொடங்கினால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கசிவு ஏற்படும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைகிறதென்று அது காட்டிற்று. ஏற்கெனவே கசிவு உள்ளவர்களுக்குப் பலன் அத்தனை தெளிவாக இல்லை. வருமுன் காப்பதே மேல்.

பிரசவத்தின் சங்கதி என்ன? தசை இறுகிவிட்டால் குழந்தைக்கு வழி அடைபடும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. நார்வே தேசத்தில் முதற்பிள்ளை பெற்ற 18,000-க்கு மேற்பட்ட தாய்மார்களைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லையென்று காட்டியது. பயிற்சி செய்தவர்களுக்குக் கிழிசலோ, ஆயுதப் பிரசவமோ, அவசர ஆபரேஷனோ கூடவில்லை. அதே தேசத்தில் 2004-இல் வெளியான மற்றோர் ஆய்வில், முக்கிப் பெறும் கட்டம் 1 மணி நேரத்துக்கு மேல் நீண்டது பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 24 பேருக்கு. செய்யாதவர்களில் 38 பேருக்கு. எனினும், இப்பயிற்சி சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் என்று நாம் சொல்லமாட்டோம். இல்லாத குணத்தைச் சொல்லிச் சரக்கு விற்பது நேர்மையான வியாபாரமன்று.

செய்யும் முறை

1. நாற்காலியில் அமர்ந்தோ, ஒருக்களித்துப் படுத்தோ செய்யலாம். காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளும் மேலுமாக இழுக்கவேண்டும்.

2. மூச்சைப் பிடிக்கலாகாது. வயிறு, தொடை, பிட்டம் இவற்றை இறுக்கலாகாது.

3. 6 முதல் 8 வினாடி வரை இழுத்துப் பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளரவிடவேண்டும். முடியாதவர்கள் 2, 3 வினாடியில் தொடங்கலாம்.

4. ஒரு வேளைக்கு 8 தடவை. நாளொன்றுக்கு 3 வேளை. சுபுஹு, அஸர், இஷா தொழுகை முடித்து அமர்ந்திருக்கும்போதே செய்தால் மறதி வராது.

5. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது கூடாது.

தளரவிடுவதும் பயிற்சியில் பாதி என்பதை மறக்கவேண்டாம். குழந்தை வரும் வேளையில் தசை விரிந்து கொடுக்கத்தான் வேண்டும். எங்கே இறுகியிருக்கிறோம் என்று அறிந்தவளுக்கே தளர்த்தவும் தெரியும்.

பலன் தெரியச் சில வாரங்கள், சிலருக்கு 3 மாதங்கள்கூட ஆகும். உதிரப்போக்கோ, வலியோ, வேறு சிக்கலோ உள்ளவர்கள் டாக்டரையோ மருத்துவச்சியையோ கேட்டபின்பே தொடங்கவேண்டும். பிரசவத்துக்குப் பின்பும் அவர்கள் அனுமதித்ததும் மீண்டும் தொடங்கலாம். நிபாஸு நாட்களில் தொழுகை இல்லையாயினும், பாங்கு சத்தம் நேரத்தை ஞாபகமூட்டும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

மாதப் பரிசோதனைக்கு மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்போது, இப்பயிற்சியைக் கற்றுத் தரும்படி நர்ஸிடம் கேளுங்கள். கடையில் உதவும் மனைவியைக் கனத்த பெட்டிகளைத் தூக்க விடாதீர்கள். முன்பிள்ளைக்குப் பின் கசிவு இருந்ததா என்று அன்போடு விசாரியுங்கள். இருந்தால், தசைப் பயிற்சி நிபுணரிடம் அனுப்பும்படி டாக்டரைக் கேளுங்கள்.

இப்பயிற்சிக்குக் காசு செலவில்லை, கருவியும் வேண்டியதில்லை. இன்று இரவு கடையைப் பூட்டி வீட்டுக்குச் சென்றதும், இப்பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். அல்லது படித்துக் காட்டுங்கள்.